நாட்குறிப்பு இல்லாத ஊழியங்கள்

சங்கராபுரம் வட்டாரத்துச் சின்னப் பெந்தெகொஸ்தே சபைகளின் விசுவாசிகளுக்கு ஒரு திறந்த மடல்



நான் உங்கள் சபைக்காரன் அல்லன். பிறந்ததிலிருந்து மணியடிக்கிற பழைய கோயிலுக்குப் போய்வருகிறவன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். ஆனால் உங்கள் தகரக் கொட்டகையிலிருந்து ஞாயிறு காலையில் எழும் பாட்டும் கைத்தட்டும் இருபது வருடங்களுக்கு மேலாக என் வீட்டுத் திண்ணைவரை வந்துகொண்டிருக்கின்றன. சாராள் நவரோஜி அம்மையாரின் பாடல்களில் பாதியை நான் கற்றுக்கொண்டதே அப்படித்தான். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

உங்களிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. உங்கள் பாஸ்டர் இந்த ஊருக்கு எந்த வருடம் வந்தார்? முதல் ஜெபக்கூட்டம் யார் வீட்டுத் தாழ்வாரத்தில் நடந்தது? முதல் ஞானஸ்நானம் எந்தக் கிணற்றில், எந்த ஏரியில்? அவருக்கு முன்பு என்ன தொழில்? இந்த நான்கு கேள்விகளையும் மூன்று சபைகளில் கேட்டுப் பார்த்தேன். பெரியவர்கள் ஆளுக்கொரு வருடம் சொன்னார்கள். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நின்றார்கள். எழுதிவைத்த தாள் எங்கேயும் இல்லை.

எனக்கு ஏன் இந்தக் கவலை என்று சொல்லிவிடுகிறேன்.

பதின்மூன்று வருடம் இருக்கும். நடுராத்திரியில் என் அண்ணனுக்கு மார்வலி வந்தது. தெருவில் கார் வைத்திருந்தவர் ஊரில் இல்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டுத் தவித்து நின்றபோது, பக்கத்துத் தெருவில் வாடகைக்குக் குடியிருந்த பாஸ்டர் தன் டிவிஎஸ் எக்ஸெல்லைத் தள்ளிக்கொண்டு வந்தார். பெயர் சொல்ல வேண்டாம், அவர் குடும்பம் விரும்பாது. நான் அவரிடம், கொஞ்சம் ஜெபம் பண்ணுங்கள் என்றேன். அவர் சொன்னார்: “ஏறுங்கய்யா, போவலாம். ஜெபத்த வண்டியிலயே பண்ணிக்கலாம்.” அண்ணனை நடுவில் உட்காரவைத்து, பின்னால் நான் பிடித்துக்கொள்ள, மூன்று பேராய்ப் போனோம். வழியில் ஆம்புலன்ஸ் எதிரே வந்து ஏற்றிக்கொண்டது. அவர் திரும்பிப் போய்விடவில்லை. எக்ஸெல்லை அங்கேயே ஒரு டீக்கடை ஓரம் சாத்திவிட்டு எங்களோடு ஏறினார். கள்ளக்குறிச்சியில் பார்த்துவிட்டு முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அப்போது கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சிறுவங்கூரில் மருத்துவக் கல்லூரி கிடையாது, அது வந்தது 2022-இல். மூன்று நாள் முண்டியம்பாக்கம் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார் அந்த மனுஷன். அண்ணன் பிழைத்தார். அதற்கப்புறமும் அண்ணன் உங்கள் சபைக்கு வந்ததில்லை. பாஸ்டரும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான 2019-ஆம் ஆண்டில்தான் அந்தப் பாஸ்டர் இறந்தார். சுவரில் ஒட்டிய தாளில் படமும், பிறந்த தேதியும், கர்த்தருக்குள் நித்திரையடைந்த தேதியும் இருந்தன. அவ்வளவுதான். இருபத்தேழு வருட ஊழியம் இரண்டு தேதிக்குள் அடங்கிப்போனது. அதைவிட வலித்தது அடக்கம். ஊரிலிருந்த ஒரு கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டோம். அவர் எங்கள் சபை அங்கத்தினர் இல்லையே என்றார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தாம். பெயர் சொல்லமாட்டேன். பிற்பகல் மூன்று மணிவரை பெட்டி வெயிலில் இருந்தது. கடைசியில் ஒரு விசுவாசி தன் கொல்லைமேட்டில் குழி வெட்டக் கொடுத்தார்.

சில நாள் கழித்துப் பாஸ்டரம்மாவைப் பார்க்கப் போனேன். வாடகை வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார். ஒரு ட்ரங்குப் பெட்டிக்குள்ளிருந்து நான்கு நோட்டுகளை எடுத்துக் காட்டினார். ‘ஜெபக் குறிப்பு’ என்று அட்டையில் எழுதியிருந்தது. இடது பக்கம் விண்ணப்பம், வலது பக்கம் பதில். ஏதோ வேத வசனங்களாக இருக்கும் என்று நினைத்துப் புரட்டினேன்.

‘ஆர்.டி.ஓ. ஆபீஸ், மூணாந்தடவை. நாளை வரச் சொன்னார்.’ ‘முண்டியம்பாக்கம், ஓ நெகட்டிவ் ஒரு யூனிட். கிடைத்தது. ஸ்தோத்திரம்.’ ‘கேரளா மிளகுத் தோட்டத்துக்கு அட்வான்ஸ் வாங்காதே என்றேன். கேட்கவில்லை.’ ‘டி.சி. வாங்கியாச்சு. பையன் ஆறாம் கிளாஸ் சேர்ந்தான்.’ ஒரு பக்கம் முழுக்க ஆண்களின் பெயர்கள், பக்கத்தில் தேதிகள். குடியை விட்ட நாள். சில தேதிகள் அடிக்கப்பட்டு, ‘மறுபடி’ என்று எழுதி, புதுத் தேதி போட்டிருந்தது. ஒரு பெயருக்கு எதிரே ஐந்து தேதிகளை எண்ணினேன்.

அந்தப் பக்கத்தின் அருமை எனக்கு அன்று முழுதும் விளங்கவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 65 பேருக்கு மேல் செத்தார்களே, கோமுகி ஆற்றங்கரையில் சிதைகள் வரிசையாக எரிந்ததை நாடே பார்த்ததே, அந்த வாரம்தான் விளங்கியது. ஒவ்வொரு பெயராக, ஒவ்வொரு தேதியாக, விழுந்தவனை மறுபடி எழுப்பி எழுப்பி ஒரு ஆள் வருடக்கணக்காகத் தனியே நடத்திய மதுவிலக்கு அது. ஓடிப்போய்ப் பாஸ்டரம்மாவுக்குப் போன் செய்தேன். மகள் வீட்டுக்கு மாறியபோது ட்ரங்குப் பெட்டி மழையில் நனைந்து, நோட்டுகள் பழைய பேப்பரோடு போய்விட்டன என்றார். அப்போதே ஒரு பிரதி எடுத்துவைக்காதது என் குற்றம். அந்தக் குற்றத்தை நீங்களும் செய்துவிடக் கூடாது என்றுதான் இந்த மடல்.

நாட்குறிப்பு ஒரு ஊழியத்தை எப்படிக் காப்பாற்றும் என்பதற்கு உங்கள் வழியிலேயே ஒரு முன்னோர் இருக்கிறார். ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். 1810-இல் திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரின் பள்ளியில் படித்தவர். 1830-களில் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்ற ஆங்கிலேயர் இந்தியா வந்து, சம்பளம் இல்லாமல் கர்த்தரை நம்பி ஊழியம் செய்யலாம் என்று பேசியதைக் கேட்டு, அப்படியே வாழத் துணிந்தார். மிஷன் சம்பளம் என்பது அந்தக் காலத்தில் ஒரு குடும்பத்துக்கே கூரை. அதை வேண்டாமென்று சொன்னவர் அவர். மதுரை, திருநெல்வேலி எல்லையில் கிறிஸ்தியான்பேட்டை என்ற குடியிருப்பை 1840-களில் ஏற்படுத்தினார். 1860-இல் அவர் சபைகளில் எழுப்புதல் உண்டானது. அந்நிய பாஷை, தீர்க்கதரிசனம், அழுகை, பாவ அறிக்கை எல்லாம் அங்கே நடந்தன. வெள்ளைக்கார மிஷனரி யாரும் முன்னின்று நடத்தாத எழுப்புதல் அது. பெந்தெகொஸ்தே இயக்கத்தின் தொடக்கமாகப் பலர் சொல்லும் அசூசா தெருக் கூட்டங்கள் அமெரிக்காவில் 1906-இல் தொடங்குவதற்கு 46 வருடங்களுக்கு முன்னால், நம்முடைய பனங்காட்டுச் சீமையில் தமிழில் நடந்தது. 1867-இல் அருளப்பன் இறந்தார்.

இதெல்லாம் இன்று நமக்கு எப்படித் தெரிகிறது? அவர் எழுதினார். தினம் தினம் எழுதினார், கடிதம் போட்டார். அவர் இறந்து 70 வருடங்களுக்கு மேலான பின்பு, 1939-இல், ஜி. எச். லாங் என்பவர் அந்தக் குறிப்புகளைக் கொண்டு ஒரு புத்தகம் போட்டார். அதனால்தான் பெந்தெகொஸ்தே வரலாற்றை எழுதுகிற அறிஞர்கள் இந்தியா என்று வரும்போது அருளப்பன் பெயரைச் சொல்கிறார்கள். அவரோடு அதே காலத்தில் ஊர் ஊராக நடந்த உபதேசியார்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்கள் எழுதவில்லை. அவர்களுக்காக யாரும் எழுதவுமில்லை.

நம்முடைய மாவட்டத்திலும் அதே கதைதான். திருக்கோவிலூர்ப் பக்கம் ஆஸ்பத்திரியும், சுற்றுவட்டாரத்தில் பள்ளிக்கூடமும் நடத்திய டேனிஷ் மிஷன்காரர்கள் தங்கள் ஊருக்கு எழுதியனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் டென்மார்க்கில் இன்றும் பத்திரமாக இருக்கின்றன. ஆராய்ச்சி மாணவர் ஒருவர் போய்க் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். நேற்று நம் கண்ணெதிரே நடந்த ஊழியத்துக்கு ஒரு துண்டுத் தாள் கிடையாது. பெரிய சபைகளுக்குப் பேராயம் உண்டு, பதிவேடு உண்டு, ஓய்வூதியம் உண்டு, கல்லறைத் தோட்டம் உண்டு. உங்கள் பாஸ்டருக்கு இருப்பது நீங்கள் மட்டுமே.

‘பெந்தெகொஸ்தேக்காரர்கள் கத்துவார்கள், ஆடுவார்கள், அவர்களுக்கு எங்கே சமூகசேவை’ என்று என் பழைய கோயில்காரர்கள் பேசுவதுண்டு. 1905-இல் பூனாவுக்குப் பக்கத்தில் கேட்காவ் முக்தி இல்லத்தில் எழுப்புதல் வந்தபோது ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் யார்? பண்டித ரமாபாய் பஞ்சத்திலிருந்து காப்பாற்றிக் கொண்டுவந்த பெண்பிள்ளைகளும் விதவைகளும்தான். சோறு போட்ட கைதான் அங்கே ஜெபத்துக்கும் உயர்ந்தது. கேரளத்தில் பிறந்து இலங்கைக்குப் போன ராமன்குட்டி, பவுலாகி, 1920-களில் இலங்கைப் பெந்தெகொஸ்தே சபையைத் தொடங்கியபோதும், சொத்தைத் துறந்து ஊழியர்கள் கூடி வாழ்வதே அதன் அடித்தளம். இன்று தாம்பரத்தை அடுத்த இரும்புலியூரில் அதன் தலைமையிடம் இருக்கிறது. மருந்து எடுக்காத அவர்கள் கொள்கை எனக்கு உடன்பாடில்லை. பாம்புக் கடிக்கும் காக்காய் வலிப்புக்கும் ஜெபம் மட்டும் போதும் என்று வைத்திருந்து பிள்ளைகளை இழந்த வீடுகள் நம் கல்வராயன் மலையடிவாரத்தில் உண்டு. எழுதும்போது அதையும் எழுதுங்கள். நல்லதை மட்டும் எழுதினால் அது கன்வென்ஷன் நோட்டீஸ் ஆகிவிடும். நான் சொல்லும் பாஸ்டர், ஜெபத்தை வண்டியிலேயே பண்ணிக்கொண்டவர். ஜெபமா, மருந்தா என்ற கேள்விக்கு அதைவிட நல்ல விடையை எந்த இறையியல் கல்லூரியிலும் நான் கேட்டதில்லை.

மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சேராப்பட்டுக்கும் இன்னாட்டுக்கும் வெள்ளிமலைக்கும் ஏறிப்போகிற பாஸ்டர்கள் உங்களில் சிலருக்கு இருக்கிறார்கள். கல்வராயன் மலை தலைமுறை தலைமுறையாக ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. 1976-இல்தான் அரசு அதைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. அந்த ஊர்களுக்குச் சாலையும் மருத்துவமும் படிப்பும் எந்த அளவில் இருக்கின்றன என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுத்துக் கேட்டது 2024-இல், சாராயச் சாவுகளுக்குப் பிறகு. இந்த மலையின் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைக்குச் சான்று வாங்க வேண்டுமென்றால் ஆர்.டி.ஓ. என்கிற கோட்டாட்சியரின் அலுவலகம்வரை வர வேண்டும். ஒருநாள் கூலி போகும், பஸ் செலவு வேறு. திருப்பி அனுப்பினால் இரண்டு நாள். அந்த மேசைக்கு முன் பயப்படாமல் நிற்கத் தெரிந்த ஒருவர் கூட வந்தால் பாதி வேலை முடிந்தது. நோட்டில் இருந்த ‘மூணாந்தடவை’ அப்படிப்பட்டது. அந்தக் குடும்பம் சபைக்கு வந்த குடும்பமும் அல்ல.

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனவர்கள் என்று 20 தமிழர்களைச் சுட்டுக் கொன்றார்களே, நோட்டில் அந்த மாதத்துப் பக்கத்தில் பாஸ்டர் ஒரே வரிதான் எழுதியிருந்தார்: ‘ஆந்திரா வண்டி வந்தால் ஏறாதே என்று வீடு வீடாய்.’ வீடு வீடாய் என்றால் எத்தனை வீடு, எத்தனை நாள் நடந்தார், யார் கேட்டார்கள், யார் கேட்கவில்லை என்று நான் அவர் உயிரோடு இருக்கும்போது கேட்டிருக்க வேண்டும்.

எழுதுவதில் ஓர் ஆபத்து உண்டு. அதையும் வெளிப்படையாகப் பேசிவிடுவோம். பழங்குடியினர் மதம் மாறினாலும் பட்டியலில் இருக்கிறார்கள். தாழ்த்தப்பட்டவர்களுக்கு அப்படி இல்லை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து, சீக்கிய, பௌத்த மதங்களில் இருப்பவர்களுக்கு மட்டும் பட்டியல் சாதித் தகுதியை வைத்திருக்கிறது. இதை மாற்றக் கேட்டுத் தமிழ்நாடு சட்டமன்றம் 2023 ஏப்ரலில் தீர்மானம் போட்டது. ஆணை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே சான்றிதழில் ஒரு பெயரும் சபையில் ஒரு பெயருமாக வாழும் உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். பிறர் பெயரை எழுதாதீர்கள். யாருக்குச் சான்று, யாருக்கு ரத்தம், யார் குடியை விட்டார் என்பதற்குப் பெயர் வேண்டாம். ‘ஒரு குடும்பம்’ என்றால் போதும். பாஸ்டர் என்ன செய்தார், எப்போது செய்தார், எத்தனை முறை நடந்தார் என்பதே வேண்டும்.

சாதியையும் மறைக்காதீர்கள். இன்று நம் மாவட்டத்தில் இருக்கிற எறையூரில் 2008 மார்ச்சில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதிக் கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். சாதி பெரிய கோயில்களுக்கு மட்டும் வந்த நோய் என்று உங்கள் பாஸ்டர்கள் பிரசங்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிடுவது உங்கள் கொட்டகையில் உண்மை, அதை நானே பார்த்தேன். கல்யாணம் என்று வந்தால் மாப்பிள்ளை தேடும் தெரு மாறுகிறதா என்பதையும் எழுதுங்கள். மாற்றிக் காட்டிய பாஸ்டர் ஒருவராவது இருந்தால், அந்த ஒரு பக்கம் மற்ற நூறு பக்கத்துக்குச் சமம்.

பாஸ்டரம்மாவை மறந்துவிடாதீர்கள். வீட்டு ஜெபத்துக்கு வந்த பன்னிரண்டு பேருக்கும் டீ போட்டவர், பிரசவத்துக்கு மலையிலிருந்து இறங்கிய பெண்ணைத் தன் வீட்டுத் திண்ணையில் பத்து நாள் படுக்க வைத்தவர், அடித்த புருஷனுக்குப் பயந்து ஓடிவந்தவளை ராத்திரி கதவைத் திறந்து உள்ளே விட்டவர் அவர். காணிக்கைப் பை இளைத்த மாதங்களில் தையல் மிஷின் ஓட்டி வீட்டு வாடகை கட்டியவரும் அவர்தான். சம்பளமில்லாத ஊழியம் என்கிறோம். அந்தச் சம்பளத்தை யாரோ ஒருவர் தையல் மிஷினில் உட்கார்ந்து ஈடுகட்டிக்கொண்டிருந்தார் என்று எந்தச் சாட்சிப் புத்தகத்திலும் நான் வாசித்ததில்லை.

எழுதுவதோடு வேலை முடிந்துவிடாது. உங்கள் பாஸ்டருக்கு வயது என்ன? அறுபதைத் தாண்டியவர்கள் இந்த வட்டாரத்தில் பலர் இருக்கிறார்கள். சபை இருக்கிற மனை யார் பெயரில் இருக்கிறது, அவர் கண்ணை மூடினால் பாஸ்டரம்மா எங்கே போவார் என்று கமிட்டி கூடிப் பேசுங்கள். அவர் காது கேட்க, அவர் எதிரிலேயே பேசுங்கள். மனையை டிரஸ்ட் பெயரில் பதிந்து, பாஸ்டரம்மாவுக்கு ஆயுள்வரை குடியிருக்கும் உரிமையையும் எழுதிக்கொடுத்தால் மகன்களும் மூப்பர்களும் சண்டை போட இடமிருக்காது. கிறித்தவ தேவாலயங்களில் பணியாற்றும் உபதேசியார்களுக்கும் பணியாளர்களுக்கும் தமிழ்நாடு அரசு நல வாரியம் வைத்திருக்கிறது. மாவட்டப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். உங்களுக்காக எத்தனையோ ஆபீஸ் வாசலில் நின்றவருக்காக நீங்கள் ஒருநாள் போய் நிற்க வேண்டாமா? அடக்கத்துக்கு இடத்தையும் இப்போதே கேளுங்கள். சின்னச் சபைகள் நான்கைந்து சேர்ந்து ஆட்சியரிடம் ஒரே மனுவாகக் கொடுங்கள். பெட்டி வெயிலில் காத்திருக்கும்போது மனு எழுத முடியாது.

விசுவாசிகளில் சிலர், கர்த்தருடைய புத்தகத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது, மனுஷன் எழுத வேண்டியதில்லை என்பீர்கள். என் எதிரே ஒரு மூப்பர் அப்படியே சொன்னார். அவருக்கு நான் அன்று சொன்ன பதில்தான் இப்போதும். கர்த்தருக்குத் தெரியும், சரி. உங்கள் பேரப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்? நாளைக்கு எவனோ ஒருவன் வந்து, இந்தக் கொட்டகையில் ஆள் பிடித்தார்கள், பணம் கொடுத்து மாற்றினார்கள் என்று பேசினால், உங்கள் பிள்ளை எதை எடுத்துக் காட்டும்? 2002-இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் இந்த மாநிலத்தில் வந்து, 2004-இல் திரும்பப் பெறப்பட்டது. அந்த இரண்டு வருடம் வீட்டு ஜெபம் நடத்தப் பயந்த பாஸ்டர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்கள் வாயால் அந்த நாட்களைக் கேட்டு எழுதிவைக்க இதைவிட நல்ல நேரம் வராது.

புத்தகம் போட வேண்டாம். பட்டுச்சால்வை போர்த்தும் விழாவும் வேண்டாம். இந்த ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, பத்தாவது படிக்கிற பிள்ளை ஒருவரைக் கூட்டிக்கொண்டு, இருநூறு பக்க நோட்டு ஒன்றும் பேனாவும் வாங்கிக்கொண்டு, பாஸ்டருக்கும் பாஸ்டரம்மாவுக்கும் எதிரே பாயில் உட்காருங்கள். “ஐயா, நீங்க இந்த ஊருக்கு எந்த வருஷம் வந்தீங்க?” என்று கேளுங்கள்.